காற்றடைத்த சிறு படகுகளில் சட்டகமும் ரோல் பாரும்

காற்றடைத்த சிறு படகுகள் பலவற்றின் பின்பகுதியில், அவுட்போர்டு இயந்திரத்துக்குச் சற்று முன்னால், கவிழ்த்து வைத்த ‘ப’ எழுத்தைப் போல நிற்கும் உலோகச் சட்டத்தை ‘ரோல் பார்’ என்றும், அதன் கால்கள் சாய்ந்து உச்சியில் நெருங்கினால் ‘ஏ ஃபிரேம்’ என்றும் அழைக்கின்றனர். ரோல் பார் என்ற பெயர் உடனே பந்தயக் காரையே நினைவுக்குக் கொண்டுவருகிறது. கார் உருளும்போது கூரை நசுங்காமல் தாங்கி, வார்ப்பட்டையால் இருக்கையோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஓட்டுநரின் தலைக்கு மேல் இடம் காப்பது அங்கு அதன் வேலை. படகிலும் அதே பெயர் வழங்குவதால், படகு கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரை அந்தக் கம்பி காத்துவிடும் என்று புதிதாகப் படகு வாங்குவோரும் சில வேளைகளில் விற்போரும் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை ஆபத்தானது. மென்மையான படகுக்கு இயல்பிலேயே இல்லாத இரண்டை, அதாவது அசையாத பிடிமானத்தையும் நீர்மட்டத்துக்கு மேலான உயரத்தையும், தருவதே சட்டகத்தின் முதன்மைப் பணியாகும். கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பணியோ, உச்சியில் நிமிர்த்தும் பை பொருத்தப்பட்ட சட்டங்களுக்கு மட்டுமே உரியது.

பிடிமானம் ஏன் இல்லை என்பதை அறியப் படகின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். பிரான்ஸின் சோடியாக் நிறுவனத்தில் பியேர் டெப்ரூதெல் 1930களில் உருவாக்கிய படகுகளின் வழிவந்த வடிவமே இன்றும் பரவலாக உள்ளது: இருபுறமும் நீண்டு முன்னணியத்தில் இணையும் காற்றுக் குழாய்கள், அவற்றுக்கிடையே ஒரு தளம், பின்னால் இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை. 1952ஆம் ஆண்டு அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமுள்ள இத்தகைய படகொன்றில் பாய் விரித்து, கானரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை 65 நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்தது, காற்றடைத்த துணி கடலைத் தாங்கும் என்பதை உலகுக்குக் காட்டியது. ஆனால் மிதந்து செல்வது வேறு. இயந்திரத்தின் வேகத்தில் அலைகளின் மேல் மோதிச் செல்வது வேறு. வேகம் கூடும்போது துணித்தளம் நீர் அறைவதால் மடிந்து நெளிகிறது. அதைத் தடுக்க ஒட்டுப்பலகை அல்லது அலுமினியப் பலகைகளை வரிசையாக இணைத்து, அவற்றின் விளிம்புகளை நீளவாட்டுச் சட்டங்களால் பூட்டி உள்ளே அமைத்தனர். காற்றடைத்த படகுக்குள் புகுந்த முதல் சட்டகம் என்று இதையே சொல்ல வேண்டும். வெளியில் தெரியாததால் பலரும் இதைச் சட்டகமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பக்கக் குழாய்களின் காற்றழுத்தம் பொதுவாக 0.2 முதல் 0.25 பார் வரைதான், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அதன் கால் பங்கு வரை. இந்தச் சிறு அழுத்தமும் நிலையாக இருப்பதில்லை. காலை 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 0.24 பார் அளவுக்குக் காற்றடைத்த குழாய், வெயிலில் 30 பாகைக்குச் சூடேறினால் உள்ளழுத்தம் 0.3 பாருக்குச் சென்றுவிடும். மாலையில் குளிர்ந்த நீரில் இறக்கியதும் குழாய் தொய்ந்துவிடும். ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் ஏறி இறங்கும் இத்தகைய அடித்தளத்தின் மேல் நட்ட எந்தக் கம்பமும் அசையாமல் நிற்காது. காலையில் இறுக்கிக் கட்டிய பட்டை நண்பகலில் துணியை அறுக்கும்; மாலையில் அதே பட்டை தளர்ந்து ஆடும். ஆகவே சட்டகத்தின் கால்களைக் காற்றுக் குழாயின் மேல் ஊன்றாமல், கடினமான தளத்திலோ பின்பலகையிலோ ஊன்ற வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதியாயிற்று.

இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு ஆற்றுப் படகுகளில் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றின் சுழிப்புகளைக் கடக்கும் துடுப்புப் படகுகளில், எஃகு அல்லது அலுமினியக் குழாய்களால் ஆன செவ்வகச் சட்டகம் குழாய்களின் மேலேயே கிடையாக அமர்ந்து, பட்டைகளால் கட்டப்பட்டிருக்கும். துடுப்பு திரும்புவதற்கு அசையாத ஊன்றுபுள்ளி வேண்டும்; மென்மையான குழாயில் துடுப்பை ஊன்றினால் இழுப்பின் பெரும்பகுதி குழாயை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். அங்குச் சட்டகம் தாழ்வாகவும் அகலமாகவும் படுத்திருந்து சுமையைக் குழாயின் நீளம் முழுவதும் பரப்புவதால் அதை மென்மையான அடித்தளமே தாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் சட்டத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை.

நிமிர்ந்த சட்டத்துக்கு உறுதியான நிலம் கிடைத்தது தென் வேல்ஸின் கடற்கரையில். செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அட்லாண்டிக் கல்லூரியின் மாணவர்கள் பிரிஸ்டல் கால்வாயில் பாய்ப்படகு பழகினர். உலகிலேயே ஓத ஏற்றஇறக்கம் மிக அதிகமுள்ள நீர்ப்பரப்புகளுள் ஒன்றாகிய அங்கு, அவர்களுக்குத் துணையாக விரைந்து செல்லும் மீட்புப் படகு தேவைப்பட்டது. காற்றடைத்த படகுகளின் துணி அடிப்பகுதி கூழாங்கற்களிலும் சரிவுத்தளத்திலும் உரசிக் கிழிந்துகொண்டே இருந்ததால், கல்லூரியின் முதல் தலைமையாசிரியரும் முன்னாள் கடற்படை அதிகாரியுமான டெஸ்மண்ட் ஹோரின் தலைமையில் மாணவர்கள் ஒட்டுப்பலகையால் கடினமான அடிப்பகுதி செய்து, அதைச் சுற்றிக் காற்றுக் குழாயைப் பொருத்திப் பார்த்தனர். பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின் ‘வி’ வடிவ அடிக்கூடும் காற்றுக் குழாயும் இணைந்த படகு உருவாயிற்று. பிரிட்டனின் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் 1972ஆம் ஆண்டு பணியில் இறக்கிய ‘அட்லாண்டிக் 21’ இதன் நேரடி வாரிசு. 1973இல் ஹோர் தம் காப்புரிமையை ஒரே ஒரு பவுண்டு விலைக்கு அந்த அமைப்புக்கே கொடுத்தார். கடல்மீட்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஈகைகள் அதிகமில்லை.

கடினமான அடிக்கூட்டைப் படகின் நீர்வெட்டும் திறனுக்காகவும் அதிர்வு குறைப்புக்காகவும் போற்றுவது வழக்கம். சட்டகத்தின் வரலாற்றுக்கும் அது அதே அளவு முக்கியமானது. காற்றழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் வடிவம் மாறாத ஒரு தளம் முதன்முறையாகக் கிடைத்ததால், இருக்கை, இயக்கு மேடை, பின்புறச் சட்டம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இடைவெளி மாறாமல் நிற்க முடிந்தது. அட்லாண்டிக் 21 படகின் பின்புறச் சட்டத்தின் உச்சியில் மடித்துக் கட்டிய நிமிர்த்தும் பை ஒன்று இருந்தது. ரோல் பார் என்ற பெயருக்கு முழுத் தகுதி பெற்ற சட்டம் அதுவே.

அந்தப் பையின் தேவையை விளக்க, காற்றடைத்த படகின் ஒரு முரணான குணத்தைச் சொல்ல வேண்டும். அதன் நிலைத்தன்மைக்குக் காரணம் விரிந்து கிடக்கும் இரு குழாய்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கக் குழாய் நீரில் அமிழ்ந்து, மிதப்பு விசையால் படகை உடனே நிமிர்த்திவிடும். ஆனால் அதே படகு தலைகீழானாலும் அதே இரு குழாய்கள் அதே அகலத்தில் நீரின் மேல் படுத்துக்கொள்ளும். நிமிர்ந்த நிலையில் எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்த நிலையிலும் ஏறத்தாழ அவ்வளவு உறுதி. போதாக்குறைக்கு, பின்பலகைக்கு மேல் இருந்த இயந்திரத்தின் கனமான தலைப்பகுதி இப்போது நீருக்கடியில் தொங்கி, பாய்ப்படகின் அடிப்பார எடையைப் போலப் படகைக் கவிழ்ந்த நிலையிலேயே பிடித்துவைக்கிறது. கூரையுள்ள பெரிய மீட்புப் படகுகள் தாமாக நிமிர்வதற்குக் காரணம், தலைகீழான நிலையில் மேற்கூடு மிதந்து எடைமையத்தை உயரே தூக்கிவிடுவதுதான். திறந்த காற்றடைத்த படகுக்கு மேற்கூடு கிடையாது. பை அந்த மேற்கூட்டை வேண்டிய நேரத்தில் வரவழைக்கிறது.

அட்லாண்டிக் வகைப் படகு கவிழ்ந்தால், மாலுமிகள் முதலில் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்து, படகின் பின்புறத்தில் கூடி, அங்குள்ள கயிற்றைப் பற்றிக்கொள்கின்றனர். படகு நிமிர்ந்த கணத்தில் காற்று அதை அடித்துச் சென்றுவிடாமல் இருக்க அந்தப் பிடி வேண்டும். பிறகு ஒருவர் விசையை இழுக்கிறார். அழுத்திய வாயு குப்பியிலிருந்து பைக்குள் பாய்கிறது. நீருக்கடியில் சட்டத்தின் உச்சியில் பை உப்புகிறது. பின்பகுதி மேலே தூக்கப்படுகிறது. ஒரு கனமீட்டர் அளவுள்ள பை முழுதும் நீரில் அமிழ்ந்திருந்தால் ஒரு டன்னுக்குச் சற்று மேலான தூக்குவிசை தரும். அந்த விசை படகின் அகலத்துக்குள் இல்லாமல், சட்டத்தின் உயரத்துக்கு ஆழத்தில் செயல்படுவதால் கவிழ்ந்த நிலை உறுதியை இழக்கிறது, படகு பக்கவாட்டில் உருண்டு நிமிர்கிறது. கவிழும்போதே நின்றுவிடுமாறும் நீர் புகாதவாறும் அமைக்கப்பட்ட இயந்திரங்களை மீண்டும் இயக்கிப் படகு தன் பணியைத் தொடரலாம். இந்தப் பணியில் சட்டம் ஒரு நெம்புகோல். அதன் உயரம் பாதியானால் பையின் பயனும் பெரிதும் குன்றும். அதன் கால்கள் நெகிழ்ந்தால் பை சட்டத்தை வளைக்குமே தவிரப் படகைத் திருப்பாது.

எல்லாப் படகுக்கும் இந்தப் பை வேண்டியதில்லை. கவிழ்ந்த படகு தன் நிலையை விட்டு அசைய மறுக்கும் திருப்புத்திறன், அதன் எடையையும் அகலத்தையும் பெருக்கி வருவது. படகின் எல்லா அளவுகளும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். திருப்புத்திறன் பதினாறு மடங்காகும். கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கும் மனிதரின் எடையோ மாறாது. அட்லாண்டிக் 21ஐப் பணியில் இறக்கிய அதே மீட்பு அமைப்பின் ‘டி’ வகைப் படகு ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 400 கிலோவைச் சற்றுத் தாண்டிய எடையும் கொண்டது. அதை அதன் மாலுமிகளே கயிற்றால் இழுத்து நிமிர்த்துகின்றனர். 2005இல் வந்த அட்லாண்டிக் 85 ஏறத்தாழ 8.4 மீட்டர் நீளமும் 1.8 டன் எடையும் உடையது. அதைப் புரட்ட வேண்டிய முயற்சி ஏறத்தாழ ஆறு மடங்கு. நான்கு பேரின் கையால் ஆகாத காரியத்தை வாயுக் குப்பி செய்கிறது. கப்பல்களில் வைக்கப்படும் 6 முதல் 8.5 மீட்டர் நீளமுள்ள விரைவு மீட்புப் படகுகள் தாமாக நிமிர வேண்டும், அல்லது மாலுமிகளில் இருவருக்கு மேல் இல்லாமல் எளிதில் நிமிர்த்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று பன்னாட்டு உயிர்காப்புக் கருவிகள் நெறிமுறை கூறுவதும் இதே கணக்கின் விளைவே.

காரின் ஒப்புமைக்குத் திரும்பினால் அதன் பிழை இப்போது தெளிவாகும். காரில் கம்பி காப்பது, இருக்கையோடு கட்டப்பட்ட மனிதரை. திறந்த படகில் எவரும் இருக்கையோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது. கட்டப்பட்டவர் தலைகீழாய் நீருக்குள் சிக்கிக்கொள்வார். கட்டப்படாதவரோ கவிழ்வதற்கு முன்பே பெரும்பாலும் வெளியே தூக்கியெறியப்பட்டிருப்பார். கவிழ்ந்த படகுக்கடியில் சட்டமும் குழாய்களும் சேர்ந்து சிறிது காற்றிடம் விடக்கூடும் என்பது உண்மை. அதை நம்பிப் படகில் ஏறுவது அறிவுடைமையன்று. விரைவுப் படகில் உயிரைக் காப்பது, ஓட்டுநரின் காலிலோ இடுப்பிலோ மாட்டப்பட்டு, அவர் நிலைதவறிய கணமே இயந்திரத்தை நிறுத்தும் சிறு சுருள்கயிறு. 2013ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பாட்ஸ்டோ ஊரை அடுத்த கழிமுகத்தில், காற்றடைத்த விரைவுப் படகொன்றிலிருந்து ஆறு பேர் நீரில் வீசப்பட்டபோது அந்தக் கயிறு மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளற்ற படகு வட்டமிட்டுத் திரும்பித் திரும்பி அவர்கள் மேல் பாய்ந்ததில் இருவர் உயிரிழந்தனர். அந்தப் படகு கவிழவே இல்லை. எத்தனை உறுதியான சட்டமும் அத்தகைய விபத்தில் எதையும் செய்திருக்க முடியாது.

சட்டம் தரும் இரண்டாவது பொருள் உயரம். அன்றாடப் பயன்பாட்டில் பெரும்பாலான சட்டங்கள் உண்மையில் விளக்குக் கம்பங்களாகவே வாழ்கின்றன; அதில் இழிவேதும் இல்லை. 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகு இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கையும் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளையும் காட்டலாம் என்பது பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதி. அந்த வெள்ளை விளக்கு ஓட்டுநரின் தலைக்குக் கீழே இருந்தால் இரட்டைத் தீங்கு நேரும்: அமர்ந்திருப்போரின் உடல் சில திசைகளில் அதை மறைக்கும், அதன் ஒளி ஓட்டுநரின் இருட்டுப் பழகிய கண்ணைக் கூசச்செய்யும். சட்டத்தின் உச்சி இரண்டையும் தீர்க்கிறது. ராடார் வைத்த படகுகளிலும் அலைவீச்சு தலைகளுக்கு மேல் செல்ல அந்த உயரமே உதவுகிறது.

வானொலியின் கணக்கு இன்னும் நுட்பமானது. கடலில் பயன்படும் வி.எச்.எஃப். அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அதன் தொடுவான தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசும் இருவரின் தூரங்களையும் கூட்டினால் தொடர்பின் எல்லை. நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே கையில் பிடித்த கருவிக்கு 4 கிலோமீட்டர். சட்டத்தின் உச்சியில் 2.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு 6.5 கிலோமீட்டர். எதிர்முனையில் 100 மீட்டர் உயரக் கரைக் கோபுரம் இருந்தால் மொத்தம் 45இலிருந்து 47.5 கிலோமீட்டராகவே கூடும். அது பொருட்படுத்தத்தக்க ஆதாயமன்று. எதிர்முனையில் இன்னொரு சிறு படகு இருந்தாலோ 8 கிலோமீட்டர் 13 ஆகிறது. தேடுதல் பணியில் படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்போதுதான் சட்டம் தன் கூலியைத் தருகிறது. அலைகளின் பள்ளத்தில் படகு இறங்கும் நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது.

அதே உயரம் இழுவையில் எதிரியாகிறது. நீர்ச்சறுக்கு வீரரை இழுக்கும் கயிறு இயந்திரத்தில் சிக்காமலிருக்கச் சட்டத்தின் உச்சியில் கட்டுவதுண்டு. ஒரு மனிதரின் இழுப்புக்கு அது போதும். அதைக் கண்டு பழகியவர், பழுதுற்ற படகொன்றையும் அங்கேயே கட்டி இழுக்க முனைவது கேடு. இழுகயிறு பக்கவாட்டில் திரும்பி 100 கிலோ விசையோடு இழுப்பதாகக் கொண்டால், நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலுள்ள கட்டுப்புள்ளி படகைச் சாய்க்கும் திருப்புத்திறன், 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள பின்பலகை வளையத்தில் கட்டுவதைவிட ஐந்து மடங்காகும். படகைக் கவிழவிடாமல் காக்கவென்று வைத்ததாக எண்ணப்படும் சட்டமே அதைக் கவிழ்க்கும் நெம்புகோலாகிவிடும்.

சட்டத்துக்குக் கொடுக்கும் விலையும் கணக்கில் வர வேண்டும். 40 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவர்த்தடிமனும் உள்ள துருவேறா எஃகுக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிலோ எடை கொண்டது. 8 மீட்டர் குழாயால் ஆன சட்டம் 15 கிலோவைத் தாண்டும். அலுமினியத்தில் சுவரைத் தடிப்பாகச் செய்தாலும் பாதி எடைதான். ஆனால் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கே. 15 கிலோ பெரிதில்லை என்று தோன்றலாம். உச்சியில் விளக்கு, ஆன்டெனா, ராடார் என்று இன்னொரு 20 கிலோ ஏறி, படகு அலையிலிருந்து விழுந்து ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் நான்கு மடங்கு அதிர்வுடன் நீரை அறையும்போது, அந்த 20 கிலோ ஒரு கணம் 80 கிலோவாகக் கீழே இழுக்கிறது. அந்த அடி ஒவ்வொரு அலைக்கும் திரும்ப வருகிறது.

அந்த அடி முழுவதும் இறங்கும் இடம் சட்டத்தின் பாதம். உள்ளங்கை அகலத் தகடு, நான்கு போல்ட்டுகள், தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே நீர்கசிவைத் தடுக்கும் பசை. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இவ்வளவே. தளத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், சுமையைப் பரப்பும் பின்தகடு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் போல்ட்டின் சிறு வளையமே முழு விசையையும் தாங்கி, கண்ணாடி இழைத் தளத்தை மெல்ல அரைத்துத் துளையை நீள்வட்டமாக்குகிறது. பசை விலகுகிறது, உப்புநீர் உள்ளே இறங்குகிறது, தகட்டின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறக் கோடு ஒன்று வெள்ளைத் தளத்தில் வழிகிறது. அந்தக் கோடு அழுக்கன்று. துருவேறா எஃகும் காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீரோடு அடைபட்டால் துருப்பிடிக்கும் என்பதன் அடையாளம் அது. அலுமினியச் சட்டத்தை எஃகு போல்ட்டால் நேரடியாக முடுக்கினாலோ இரு உலோகங்களும் உப்புநீரில் மின்கலமாகி அலுமினியம் அரிக்கப்படும். பற்றவைப்பின் விளிம்பில் முடியிழை போன்ற விரிசல் தெரிந்தால் அது உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்ததால் வந்த சோர்வு. நிமிர்த்தும் பை உள்ள சட்டத்தில் இக்குறைகளைக் கவனியாமல் விடுவது, கவிழும் நாளில் பை உப்பும்போது சட்டம் பெயர்ந்துபோவதற்கு இடங்கொடுப்பதாகும்.

ஆகவே எல்லாப் படகும் சட்டம் ஏந்த வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியக் கடற்கரை மீட்பர்கள் 1970களிலிருந்து பயன்படுத்திவரும், 4 மீட்டருக்கும் குறைந்த, 25 குதிரைத்திறன் இயந்திரம் பூட்டிய ரப்பர் படகுகளில் சட்டமே கிடையாது. உடைந்து சுருளும் அலைகளுக்குள் பாயும் அந்தப் படகு புரள்வது வழக்கமான நிகழ்ச்சி. புரளும்போது மாலுமிகளின் தலையில் மோத இரும்பு ஏதும் இல்லாமலிருப்பதும், இருவர் கையால் திருப்பிவிடக்கூடிய எடையில் இருப்பதும் அங்குப் பாதுகாப்பாகும். அண்டார்க்டிகாவில் பயணிகளைப் பனிக்கரைக்கு ஏற்றிச்செல்லும் படகுகளிலும் பெரும்பாலும் குழாய்களின் மேல் அமர இடம் வேண்டுமென்றே தளம் வெறுமையாக விடப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படகுகளை மக்கள் நெருங்கிப் பார்த்தது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில். அரக்கோணத்தில் நான்காம் படையணியை நிறுத்தியுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், இவற்றை ‘ஜெமினி’ என்றே அழைத்துப் பழகிய ராணுவத்தினரும் தெருக்களுக்குள் கொண்டுவந்தவை பெரும்பாலும் சட்டமில்லாத, தட்டைத் தளப் படகுகள். வெள்ளத் தெருவில் கவிழ்ப்பதற்கு அலை இல்லை. மாறாக, தலைமட்டத்துக்குத் தாழ்ந்துவிட்ட மின்கம்பிகளும் கேபிள்களும் மரக்கிளைகளும் கட்டடச் சாளர வளைவுகளும் உண்டு. உயர்ந்த உலோகச் சட்டம் ஒன்று அங்கே கம்பியைத் தொட்டால் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை. முதியவரை மாடிச் சாளரத்திலிருந்து இறக்கும்போதும், நோயாளியைக் கட்டிலோடு ஏற்றும்போதும், படகின் எந்தப் பக்கத்திலிருந்தும் குழாயின் மேல் சறுக்கி உள்ளே கொண்டுவர இடம் வேண்டும். பின்புறச் சட்டம் அந்த வழிகளில் ஒன்றை அடைத்துவிடும். இதே படகை அடையாற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் இறக்க நேர்ந்தால் விளக்கும் ஆன்டெனாவும் வேண்டும். அதற்கு, பின்பலகையில் பொருத்திய குழாய்க்குள் செருகி, தெருவுக்குத் திரும்பும்போது கழற்றித் தளத்தில் படுக்கவைக்கக்கூடிய ஒரு மீட்டர் நீளக் கம்பம் போதுமானது.